எந்த ஊருங்க?: திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியில் முன்பின் அறியாதவரை விளிக்கும் மரபும் அதன் மாற்றமும்

மொழியியல் படிக்கும் மாணவர் எந்த நாட்டவராக இருந்தாலும் பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரின் பணிவுக் கோட்பாட்டை ஒருமுறையாவது படித்தாக வேண்டும். 1978இல் ஒரு தொகுப்பு நூலின் பகுதியாகவும் 1987இல் தனி நூலாகவும் வந்த அந்த ஆய்வு மூன்று மொழிகளின் அன்றாடப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் மாயன் மொழிகளுள் ஒன்றான செல்தால். மூன்றாவது தமிழ். அந்தத் தமிழ் சென்னையிலோ தஞ்சையிலோ கேட்டெழுதப்பட்டதன்று. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் தங்கிப் பதிவுசெய்த கொங்குத் தமிழ் அது. திருப்பூரும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது.

ஒருவர் இன்னொருவரிடம் எவ்வளவு பணிந்து பேசுகிறார் என்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன என்பது அக்கோட்பாட்டின் சாரம். இருவருக்கும் இடையிலுள்ள தொலைவு, ஒருவர்மேல் மற்றவருக்குள்ள அதிகாரம், கேட்கும் காரியத்தின் சுமை ஆகியவையே அவை. வயது தனிக் காரணியாக இந்தப் பட்டியலில் இல்லை. ‘மூத்தோரை மதி’ என்று பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டும் சமூகத்தின் பேச்சிலிருந்து உருவான கோட்பாட்டில் வயது ஏன் தனித்து நிற்கவில்லை? லெவின்சன் அதைக் கவனிக்கத் தவறினார் என்று நான் கருதவில்லை. அவர் கேட்ட பேச்சில் வயது தனியாக ஆண்டதில்லை. அறியாத முதியவருக்கு அறியாத இளைஞர் வெறும் வயதுக்காக மரியாதை தருவது இந்த மண்ணில் அண்மைக்காலப் பழக்கம். அது வளர்ந்த இடங்களுள் முதன்மையானது பனியன் கம்பெனி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வயதுக்கு முந்திய கேள்வி

கொங்கு நாட்டில் புதியவரைக் கண்டதும் வரும் முதல் கேள்வி ‘எந்த ஊருங்க?’ அடுத்தது ‘யாரு ஊட்டுப் பையனுங்க?’ பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குத் தேவை இருக்காது. ஊரும் வீடும் தெரிந்தால் சாதி தெரியும். வேளாளக் கவுண்டராக இருந்தால் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலப்பிரிவு என்பது வரை தெரிந்துவிடும். அதன்பிறகுதான் ‘நீ’யா ‘நீங்க’ளா என்பதை நாக்கு முடிவு செய்யும். 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்ந்த பிரெண்டா பெக், 1972இல் வெளியிட்ட தம் நூலில் இப்பகுதியின் சாதிப் பிரிவுகளையும் உறவுமுறைகளையும் நுணுக்கமாக விவரித்திருக்கிறார். கொங்குச் சமூகத்தை அறிய விரும்புவோர் இன்றும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உறவுக்குள் தலைமுறை மரியாதைக்கு இவ்வளவு நயமான சொற்களை வைத்திருக்கும் வட்டாரங்கள் தமிழகத்தில் குறைவு. அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்பிச்சி. அப்பாவின் அம்மா ஆத்தா, அம்மாவின் அம்மா அம்முச்சி. அண்ணன் மனைவி நங்கை. ‘ங்க’ என்ற அந்தச் சிறு ஒட்டு வினையோடு நில்லாமல் எந்தச் சொல்லின் வாலையும் பிடித்துக்கொள்ளும்: ஆமாங்க, இல்லீங்க, அங்கீங்க, ஏனுங்க. பெரியவர்களிடம் மட்டும் அப்படிப் பேசுவதில்லை. மூன்று வயதுக் குழந்தையிடம் ‘வாங்க சாமி, சாப்புடுங்க கண்ணு’ என்று கெஞ்சும் தாயை எந்த வீட்டுத் திண்ணையிலும் பார்க்கலாம். மேல்நோக்கி மரியாதையாகப் போகும் அதே ‘ங்க’ கீழ்நோக்கிப் பிரியமாக வருகிறது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது இலக்கணத்தின் விதியன்று, வழக்கில் வந்த உயர்வு என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒதுக்கிவைத்த பழக்கம், கொங்கு வீடுகளில் மூச்சுக்காற்றைப் போல இயல்பாகிவிட்டது.

ஆனால் அந்தத் திண்ணைக்கு வெளியே, வாசலுக்கு அப்பால் நிற்கும் மனிதருக்கு இந்த நயம் போய்ச் சேரவில்லை. பண்ணையாளாக இருந்த அருந்ததியர் முதியவரை நிலக்காரர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ‘வாடா, போடா’ என்றான். அறுபது வயதுக்காரர் பத்து வயதுப் பையனைச் ‘சாமி’ என்றும் ‘எசமானுங்க’ என்றும் அழைத்தார். வீட்டுக்குள் குழந்தைக்குச் சொல்லும் ‘சாமி’யும் வாசலில் முதியவர் சொல்லும் ‘சாமி’யும் ஒலியளவில் ஒன்றே. முன்னது கொஞ்சல், பின்னது கட்டாயம். மேலிருந்து கீழே ‘நீ’, கீழிருந்து மேலே ‘நீங்க’ என்ற இந்த எதிரெதிர் ஓட்டத்தை லெவின்சன் 1977இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலும் பின்னர் எழுதிய கட்டுரையிலும் சாதி வாரியாக ஆராய்ந்திருக்கிறார். புனைவில் இதை அறிய விரும்புவோர் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யைப் படிக்கலாம். ஆடு மேய்க்கப் பண்ணையில் விடப்பட்ட சிறுவனின் உலகம் அதில் இருக்கிறது.

உடம்பும் இந்த இலக்கணத்தையே பேசியது. தோள்துண்டு இடுப்புக்கு இறங்கும், செருப்பு கைக்கு வரும், மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்து கணுக்காலைத் தொடும். இவற்றுள் வேட்டியை இறக்கிவிடுவது மட்டும் சாதி கடந்தும் நிகழ்ந்தது. ஊர்ப் பெரியவர் எதிரில் வந்தால் எவரும் வேட்டியை இறக்கிவிடுவார், கையிலிருக்கும் பீடியை மறைத்துக்கொள்வார். பிற்காலத்தில் முளைத்த வயது மரியாதைக்கு இங்கே ஒரு விதை இருந்தது என்று சொல்லலாம்.

மனுவில் ‘திரு’, வயலில் ‘டேய்’

இந்த இலக்கணத்தை முதலில் வெளிப்படையாக எதிர்த்த குரலும் இதே வட்டாரத்தில் எழுந்ததுதான். 1922இல் திருப்பூரில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில் கோவில் நுழைவுக்காகப் பெரியார் வாதாடினார். 1925இல் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வெளிவரத் தொடங்கியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடும்படி கேட்டது. 1932இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், ஒருவரை ஒருவர் ‘தோழர்’ என்று அழைக்க வேண்டும் என்றார். வயது, சாதி, பால் எதையும் சுமக்காமல் அறியாதவரை அழைக்க ஒரு சொல் வேண்டும் என்ற தேடல் அது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசு ‘ஸ்ரீ’யை நீக்கி ‘திரு’, ‘திருமதி’யை அரசு வழக்காக்கியது.

இவற்றின் மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எழுத்துத் தமிழ் இவற்றால் மாறியது, மேடைத் தமிழும் மாறியது. கட்சி அலுவலகத்திலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் ‘தோழர்’ நிலைத்தது. ஆனால் தாலுகா அலுவலக மனுவில் ‘திரு’ பெற்ற முதியவர் மாலையில் வயலுக்குத் திரும்பியதும் மறுபடி ‘டேய்’ ஆனார். மேடையிலிருந்து பேச்சுக்கு இறங்கும் மாற்றத்தின் எல்லை அதுவரைதான். அதைத் தாண்ட, ஒருவரின் பிழைப்பே இன்னொருவரோடு தோளுரசி நடக்கும் இடம் ஒன்று வேண்டியிருந்தது.

கம்பெனிக்குள் சித்தப்பா இல்லை

1925 வாக்கில் குலாம் காதர் பின்னல் இயந்திரத்தைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தார் என்பது ஊரறிந்த வரலாறு. கதரும் பருத்திச் சந்தையும் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஊரில் பனியன் தொழில் மெல்லத்தான் வளர்ந்தது. விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சுற்றுப்புறக் கிராமங்களின் சிறு விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர் இளைஞர்கள் கம்பெனிகளில் தொழிலாளராகச் சேர்ந்து, பின் சிறு முதலாளிகளானார்கள். இந்த மாற்றத்தை ஆராய்ந்த ஷரத் சாரி தம் 2004ஆம் ஆண்டு நூலுக்கு ‘சகோதர மூலதனம்’ எனப் பொருள்படும் தலைப்பை வைத்தார். தங்கள் உழைப்பே தங்களை உயர்த்தியது என்று அந்த முதலாளிகள் சொல்லும் கதையை அவர் பரிவோடு கேட்கிறார். ஆனால் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அந்தத் தலைப்பிலுள்ள ‘சகோதர’ என்ற சொல்லை விளி மரபின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் உறவுப்பெயர்களில் இருவகை உண்டு. மாமா, மச்சான், நங்கை, கொழுந்தியா என்பவை கொடுத்து வாங்கும் உறவைச் சுட்டுபவை. ஒருவரை ‘மாமா’ என்று அழைத்தால் அவர் வீட்டில் பெண் எடுக்கலாம் என்ற குறிப்பு அதில் ஒளிந்திருக்கும். சாதியும் கூடவே வந்துவிடும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்பவை அப்படியல்ல. அவை யாருக்கும் யாரையும் கட்டிவைப்பதில்லை. சாதி தெரியாத ஆணும் பெண்ணும் ஒரே மேசை வரிசையில் பன்னிரண்டு மணி நேரம் அருகருகே இருக்க வேண்டிய இடத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான சொல் கிடையாது. கட்டிங் மாஸ்டர் அண்ணா, ஓவர்லாக் அண்ணா, செக்கிங் அக்கா என்று கம்பெனி முழுவதும் உடன்பிறப்பானது இப்படித்தான்.

இதனால் தலைமுறைகளுக்கும் ஒன்று நேர்ந்தது. டெய்லருக்கு உதவும் பதினெட்டு வயது கைமடிப் பையனுக்கு ஐம்பது வயது டெய்லர் முறைப்படி சித்தப்பாவாகவோ பெரியப்பாவாகவோ இருக்க வேண்டும். கம்பெனியில் அவரும் ‘அண்ணா’தான். முப்பதாண்டு இடைவெளி அண்ணன் தம்பி இடைவெளியாகச் சுருங்கியது. அறியாத முதியவரிடம் இளைஞர் பேசுவதற்கு இருந்த தயக்கம் இந்தச் சுருக்கத்தில்தான் கரைந்தது. அதோடு அதிகாரத்தின் திசையும் வயதோடு ஒத்துப்போகவில்லை. பீஸ் ரேட்டில் கை வேகமான இருபது வயதுக்காரர் பவர் டேபிளில் அமர்ந்திருப்பார். நிலத்தை விட்டுவிட்டு நாற்பது வயதுக்குமேல் வந்த பெண் அவர் தைத்துப் போடும் துணியை மடித்து அடுக்குவார். சம்பளம் இளையவருக்கு அதிகம். அவர் ‘ஏய்’ என்றும் கூப்பிடலாம், ‘அக்கா’ என்றும் கூப்பிடலாம். ‘ஏய்’ ஒழிந்துபோகவில்லை. ஆனால் ‘அக்கா’ என்று கூப்பிடுபவரின் மேசைக்குத்தான் மடிப்புத் துணி தேங்காமல் போனது. மரியாதை இங்கே அறநெறியாக மட்டுமன்றி வேலை நடக்கத் தேவையான எண்ணெயாகவும் இருந்தது. அதைச் சொல்வதால் அதன் மதிப்பு குறைவதில்லை.

டீக்கடையும் இதில் பங்கு கொண்டது. கிராமத்தில் இரட்டைக் குவளை இருந்த காலத்தில், கம்பெனி வாசல் டீக்கடையில் பத்து நிமிட இடைவேளைக்கு நூறு பேர் மொய்த்தார்கள். கடைக்காரருக்கு ‘எந்த ஊருங்க?’ என்று கேட்கவே நேரம் கிடையாது. ‘அண்ணா, உங்களுக்கு?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வி கேட்காதிருப்பதும் ஒரு மரியாதை என்பதை இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தது டீக்கடையின் அவசரந்தான்.

‘அண்ணா’ தராதது

இந்தச் சொல்லை முழுதாகக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. 1984இல் பஞ்சப்படிக்காகத் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. அண்ணன் தம்பியாக இருந்தவர்கள் கம்பெனி வாசலுக்கு உள்ளும் வெளியுமாகப் பிரிந்து நின்றார்கள். அதற்குப் பின் நேரடி வேலை குறைந்து காண்ட்ராக்ட் முறை பரவியது. காண்ட்ராக்ட்காரர் பெரும்பாலும் நேற்றைய டெய்லர். அவரை ‘முதலாளி’ என்று அழைக்க வாய் வராது, அவரும் ‘அண்ணா’தான். சனிக்கிழமை மாலை சம்பளத்தில் பாக்கி வைத்தால் அண்ணனிடம் எப்படிச் சண்டை போடுவது? முதலாளியிடம் உரிமையாகக் கேட்கக்கூடியதை அண்ணனிடம் மனத்தாங்கலாகத்தான் கேட்க முடிகிறது. தமிழகத்து நகரத் தொழில் ஒன்றில் உறவுமுறைச் சொற்களின் தார்மீகத்தை ஆராய்ந்து 2008இல் கீர்ட் டி நீவ் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘நாமெல்லாம் சொந்தக்காரர்’ என்ற பொருளுள்ள தொடர் வருகிறது. அந்தத் தொடரை யார், எப்போது, எதற்காகச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. கம்பெனிக்குள் வரக் கிடைத்தவருக்குத்தான் அந்த ‘அண்ணா’ கிடைத்தது. கிரேஸ் கார்ஸ்வெல்லும் டி நீவும் திருப்பூர்ப் பகுதிக் கிராமங்களில் செய்த ஆய்வு, சில ஊர்களின் தலித் இளைஞர்கள் ஆடைத் தொழிலுக்குள் வந்து பழைய பிடியிலிருந்து விலக முடிந்ததையும், வேறு ஊரில் விசைத்தறி முன்பணத்தில் அவர்கள் புதிதாகக் கட்டுண்டதையும் காட்டுகிறது. பனியன் கம்பெனியில் ‘அண்ணா’ என்று அழைக்கப்பட்டவர் இரவு டவுன் பஸ்ஸில் ஊர் திரும்பி இறங்கும்போது எந்தப் பெயரால் அழைக்கப்பட்டார் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆனாலும் பகல் முழுதும் மரியாதையோடு அழைக்கப்பட்ட காது, மாலையில் ‘டேய்’ என்பதைப் பழையபடி ஏற்றுக்கொள்வதில்லை. கொங்குக் கிராமங்களில் இளந்தலைமுறையோடு எழுந்த பல உரசல்களுக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

தெற்கிலிருந்து ‘அண்ணே’

1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டீ-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்ததை ஏற்றுமதியின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 1971இல் 1.13 லட்சம் பேர் வாழ்ந்த ஊர், 2011இல் பழைய நகர எல்லைக்குள்ளேயே 4.44 லட்சம் ஆனது. இணைக்கப்பட்ட பகுதிகளையும் சேர்த்தால் 8.77 லட்சம். மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம், நெல்லை, தஞ்சைப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

அவர்களோடு அவர்களின் தமிழும் வந்தது. மதுரைக்காரர் ‘என்னண்ணே, நல்லாருக்கியா?’ என்பார். அண்ணனைச் சேர்த்துவிட்டால் ‘இருக்கியா’ என்ற ஒருமை அங்கே நெருக்கம். வாலில் ‘ங்க’ இல்லாத அந்தப் பேச்சு கொங்கு முதியவர் காதில் அடிப்பதுபோல் விழுந்தது. மறுபுறம் ‘சொல்லுங்க, ஆகுங்க, பார்க்கலாமுங்க’ என்ற கொங்குப் பேச்சில் தென்மாவட்டத்தாருக்குச் சந்தேகம்: இந்த மனிதர் மறுக்கிறாரா ஒப்புக்கொள்கிறாரா என்று பிடிபடவில்லை. வீட்டு உரிமையாளர் அம்மா குடிவந்த இளம்பெண்ணை ‘அம்மிணி’ என்று ஆசையாக அழைத்தால் அவள் கிண்டலென்று நினைத்து முகம் சுருக்கினாள். ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று இது தணிய. இன்று திருப்பூரில் பிறந்த மதுரை வீட்டுப் பிள்ளை பெற்றோரிடம் ‘அண்ணே’ தமிழும் கடையில் ‘ஏனுங்கண்ணா’ தமிழும் பேசுகிறது. நகரத்தின் பொது ஒட்டாக ‘ங்க’ வென்றுவிட்டது. ஓகேங்க, சாரிங்க, தேங்க்ஸுங்க என்று ஆங்கிலத்தையும் அது விடவில்லை.

‘பையா’

2000களின் பிற்பகுதியிலிருந்து பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் மாநிலங்களின் இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். இவர்களைப் பற்றி ஊரில் அடிக்கடி கேட்கும் புகார், பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை, எல்லாரையும் ‘வா, போ’ என்கிறார்கள் என்பது. இந்தப் புகாரை நான் நெடுநாள் நம்பினேன். அதை இங்கே திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

அவர்கள் வந்த மொழிகளில் மரியாதை நம்முடையதைவிட ஒரு படி கூடுதலானது. இந்தியில் ஆப், தும், தூ; வங்காளத்தில் ஆப்னி, துமி, துய்; ஒடியாவிலும் அசாமியிலும் இதே போன்ற மூன்று படிகள் உண்டு. மூத்தவரை எந்தப் படியில் வைப்பது என்று தெரியாமல் வளர்ந்தவர்கள் அல்ல அவர்கள். நம் ஊரில் முதல் வாரத்தில் அவர்கள் கேட்ட தமிழ் எது? ‘வா’, ‘போ’, ‘எடு’, ‘பீஸ் அடி’, ‘சீக்கிரம்’. சூப்பர்வைசரும் வீட்டுக்காரரும் கடைக்காரரும் அவர்களிடம் ஏவல் ஒருமையில்தான் பேசினார்கள். வகுப்பறையும் பாடநூலும் இல்லாமல் காதால் கற்றவர், தாம் கேட்ட தமிழையே திருப்பிப் பேசினார். தம்மிடம் எவரும் ‘வாங்க’ என்று சொல்லாதபோது, அப்படியொரு சொல் இருப்பதே அவருக்கு எப்படித் தெரியும்? நாம் கொடுத்த சொல்தான் நம் முதியவரிடம் திரும்பி வந்தது.

‘பையா’ என்ற சொல்லின் கதை இதைவிட வருத்தமானது. வடக்கத்திய இளைஞர் மூத்தவரை மதித்து அழைக்கும் அந்தச் சொல்லுக்கு ‘அண்ணா’ என்றே பொருள். அதன் முதலெழுத்திலுள்ள மூச்சொலி தமிழ்க் காதில் விழுவதில்லை. சிறுவனை அழைக்கும் நம் ‘பையா’ போலவே கேட்கும். ‘என்னைப் பார்த்துப் பையாங்கிறான்’ என்று ஒரு பெரியவர் கொதித்ததை நேரில் கேட்டிருக்கிறேன். எதிரில் நின்ற பையன் தனக்குத் தெரிந்த உயர்ந்த சொல்லைத்தான் கொடுத்திருந்தான். இருவருமே மரியாதையை எதிர்பார்த்து நின்றார்கள்.

2023 மார்ச்சில் தமிழகத்தில் வட மாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் தொழிலாளரிடம் இந்தியிலேயே பேசி அச்சம் தணித்தன. காணொலி பொய், அச்சம் மெய். பல ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தும், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய் ‘இது உண்மையா?’ என்று கேட்கும் அளவுக்குப் பழக்கம் இல்லாததால்தான் அந்தப் பொய் அவ்வளவு எளிதில் ஓடியது என்று நினைக்கிறேன். வட மாநிலத் தொழிலாளரில் பலர் சாதியும் ஊரும் கேட்கப்படாமல் வேலை பெற்றவர்கள். ‘எந்த ஊருங்க?’ என்று கேட்காதிருப்பது தென்மாவட்டத்தாருக்கு விடுதலையாக இருந்தது. இவர்களுக்கோ அது வெறும் அக்கறையின்மை. ‘இந்திக்காரன்’ என்ற ஒரே சொல்லில் ஐந்து மாநிலங்கள் அடங்கிவிட்டன.

மாற்றம் தொடங்காமலும் இல்லை. குடும்பத்தோடு தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். ஆசிரியரிடம் ‘ங்க’ போட்டுப் பேசிவிட்டு வீட்டில் அப்பாவின் தமிழைத் திருத்துகிறார்கள். தலைமுறை மரியாதை இந்த வீடுகளில் பிள்ளையிடமிருந்து தகப்பனுக்குப் போகிறது. கம்பெனிகளிலும் பீகாரிலிருந்து வந்த இளைஞர்கள் ‘அண்ணா, அக்கா’வைக் கற்றுக்கொண்டு, ‘பையா’வைத் தங்களுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். தமிழ் டெய்லர்கள் சிலர் பதிலுக்கு ‘பையா’வைக் கற்றுக்கொண்டு, சொல்லும்போது அந்த மூச்சொலியை முயன்று பார்க்கிறார்கள்.

ஒரு ஞாயிறு மாலை பழைய பேருந்து நிலையத்தில் கவனித்ததைப் பதிவுசெய்கிறேன். சிமெண்ட் இருக்கையில் வெள்ளை வேட்டி கட்டிய முதியவர் ஒருவர். பக்கத்தில் ஒரு வட மாநில இளைஞர், கையில் காய்கறிப் பையோடு, உட்காரலாமா வேண்டாமா என்று நின்றார். முதியவர் சற்று நகர்ந்து இடம்விட்டு, ‘எந்த ஊருங்க?’ என்று கேட்டார். ‘ங்க’ போட்டுத்தான் கேட்டார். இளைஞர் ஒரு நொடி யோசித்தார். ஒடிசாவில் தன் கிராமத்தைச் சொன்னால் இவருக்குத் தெரியாது என்று நினைத்தாரோ, வேறு எதை நினைத்தாரோ. பிறகு உட்கார்ந்தபடி, திருப்பூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னார்: ‘பெருமாநல்லூருங்க.’